தாமிரபரணியும் நம்ம ஊர்க் குளங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பறவைக் கணக்கெடுப்புக்குப் போகும்போதும் பள்ளிக்கூடங்களில் பேசப் போகும்போதும் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்படும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். மணல், குளம் என்று வந்தால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாமிரபரணி வற்றாத ஜீவநதி. அதற்குப் போய் இவ்வளவு கவலையா?

வற்றாதது என்பது உண்மைதான். பொதிகை மலைக்குத் தென்மேற்குப் பருவமழையும் கிடைக்கிறது, வடகிழக்குப் பருவமழையும் கிடைக்கிறது. இரண்டையும் இப்படி வாங்கிக்கொள்ளும் ஆறு தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. மழை நின்ற பிறகும் மேலே சோலைக்காட்டுச் சருகும் புல்வேரும் பிடித்து வைத்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஓடைக்கு வந்துகொண்டே இருக்கிறது.

மலையில் மழை குறைந்துபோச்சு என்று நான் சொல்ல வரவில்லை. மலையை விட்டு இறங்கிய தண்ணீர் முன்பு தங்கிய இடங்கள் மணல், குளம், ஓடை, வயல் என்று நிறைய இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக நாம் எடுத்துக்கொண்டோம். தங்க இடம் இல்லாத தண்ணீர் மழைக்காலத்தில் தெருவுக்கு வருகிறது, சித்திரையில் உறைகிணற்றில் இருப்பதில்லை. கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் இதைச் சுற்றியே வரும்.

ஆறு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? நடுவில் எத்தனை தடுப்பு?

பொதிகை மலையில் பிறந்து சுமார் 125 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் பக்கம் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. பிறப்பதும் முடிவதும் தமிழ்நாட்டிலேயே. அதனால் பக்கத்து மாநிலத்தைக் கைகாட்டித் தப்பிக்கிற வசதி நமக்கு இல்லை.

மலையில் பாபநாசம் அணை 143 அடி, சேர்வலாறு 156 அடி, துணையாறான மணிமுத்தாற்றில் 118 அடி. காலையில் பேப்பரைப் பிரித்ததும் அணை மட்டத்தைப் பார்க்காத விவசாயி இந்தப் பக்கம் கிடையாது. கீழே இறங்கினால் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள். கடைசியாக உள்ள ஸ்ரீவைகுண்டம் 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கட்டியது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. எட்டிலிருந்தும் சேர்த்து 11 கால்வாய்கள் பிரிகின்றன. கால்வாய் குளத்தை நிரப்பும், அந்தக் குளம் நிறைந்து மறுகால் வழியாக, அதாவது உபரி வெளியேறும் வழியாகப் பாய்ந்து அடுத்த குளத்தை நிரப்பும். கார், பிசானம் என்ற இரண்டு நெல் போகங்களும் இந்தச் சங்கிலியை நம்பித்தான் நடக்கின்றன. சங்கிலி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் அதற்குக் கீழே உள்ள எல்லாக் குளத்துக்கும் அடி விழும்.

அணை கட்டினால் மீனுக்கு என்ன நஷ்டம்? தண்ணீர்தான் இருக்கிறதே?

தண்ணீர் இருந்தால் மட்டும் மீனுக்குப் போதாது. அது மேலும் கீழும் போய்வர வேண்டும். விலாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றிலும் குளத்திலும் வருஷக்கணக்கில் வளரும், ஆனால் முட்டையிடக் கடலுக்குப் போக வேண்டும். அங்கே பிறந்த குஞ்சு மறுபடி ஆற்றுக்குள் ஏறி வர வேண்டும். குறுக்கே ஒவ்வொரு சுவராக எழும்பும்போது அந்தப் பயணம் அறுபடுகிறது.

பழைய அணைக்கட்டுகள் பரவாயில்லை. தாழ்வான கல்கட்டு, வெள்ளம் வந்தால் தண்ணீர், மணல், மீன் எல்லாம் மேலே ஏறிப் போய்விடும். மலையில் இருக்கும் பெரிய அணை அப்படி இல்லை. மணலும் வண்டலும் அணைக்குள்ளேயே படிகின்றன. அள்ளப்பட்ட மணலுக்குப் பதிலாகக் கீழே புது மணல் வருவது குறைந்துபோகிறது. இன்னொன்று, ஆற்று மீன்களில் பலவற்றுக்குப் புதுவெள்ளம்தான் முட்டையிட அழைப்பு. ஷட்டரைத் திடீரெனத் திறப்பதும் திடீரென மூடுவதும் அந்தக் கணக்கைக் குழப்பிவிடும்.

மணலை அள்ளினால் தண்ணீர் எப்படிக் குறையும்? ஆழம் கூடினால் இன்னும் நிறையத் தண்ணீர் நிற்காதா?

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். கேட்பவர்களில் பெரும்பாலோர் நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள்.

ஒரு வாளியில் ஆற்றுமணலை விளிம்புவரை நிரப்புங்கள். பார்வைக்கு வாளி நிறைந்துவிட்டது. இப்போது ஒரு சொம்பால் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், மூன்றில் ஒரு பங்கு வாளி அளவுக்குக் குடித்துவிடும். பருமணலுக்கு நடுவே அவ்வளவு இடைவெளி இருக்கிறது. லாரிக் கணக்கில் சொன்னால், மூணு யூனிட் லோடு என்பது ஏறக்குறைய எட்டரைக் கன மீட்டர். அதற்குள் சுமார் 2,500 லிட்டர் தண்ணீர் தங்கும். ஒரு லோடு மணல் ஊரைவிட்டுப் போகும்போது, வெயில் படாத, ஆவியாகாத, மூடி போட்ட 2,500 லிட்டர் தொட்டி ஒன்றும் கூடவே போகிறது. அந்தத் தொட்டி ஒவ்வொரு வருஷமும் தானாக நிரம்பக்கூடியது.

குழியில் நிற்கும் தண்ணீர் அப்படி இல்லை. வெயில் குடிக்கும், பாசி பிடிக்கும், கொசு முட்டையிடும். ஆற்றின் படுகை தாழ்ந்தால் கரையோர நிலத்தடி நீரும் ஆற்றை நோக்கி வடிந்து தாழ்ந்துவிடும். ஆற்றுக்குள் இருக்கும் உறைகிணறுகள்தான் கூட்டுக்குடிநீர்த் திட்டங்களின் ஆதாரம். திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, விருதுநகர் என்று நாலு மாவட்டத்து ஊர்கள் இந்த ஆற்றைக் குடிக்கின்றன. மணல்தான் அந்தக் கிணற்றுக்கு வடிகட்டி. மணல் போன இடத்தில் உறைகிணற்றின் உறைகள் வெளியே தெரிய, கிணறு அந்தரத்தில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஊரில் ஒரு பெரியவர் "பல்லுப்போன ஈறு மாதிரி இருக்குல்லா?" என்றார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இந்த ஆற்றில் மணல் அள்ளுவதை எதிர்த்து, ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த தோழர் நல்லகண்ணு 2010-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். ஐந்தாண்டுத் தடை கிடைத்தது.

பத்தமடைப் பாயையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பட்டுப்போல மடியும் அந்தப் பாய்க்குக் கோரை வேண்டும். கோரை நீர்க்கரையின் ஈரத்தில் வளர்வது. கீறிய கோரையை ஊறவைக்க ஓடும் தண்ணீரும் வேண்டும். கரை சரிந்து, கரைக்கடியில் சாக்கடை தேங்கினால் முதலில் பாதிக்கப்படுவது ஒரு நெசவுத் தொழில். மணல் பிரச்சினை என்றால் வீடு கட்டுபவர் பிரச்சினை என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

ஆற்றில் சாக்கடை கலப்பது எவ்வளவு மோசம்?

பாபநாசத்தில் ஒரு கண்ணாடிப் பாட்டில், திருநெல்வேலி நகரைத் தாண்டி வெள்ளக்கோவில் பக்கம் ஒரு கண்ணாடிப் பாட்டில் என்று தண்ணீர் பிடித்து, வீட்டு ஜன்னலில் வைத்திருந்தேன். பிடித்த அன்று இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நாலாம் நாள் இரண்டாவது பாட்டிலின் அடியில் பழுப்பாக ஒரு படலம். ஒரு வாரம் கழித்து மூடியைத் திறந்தபோது என் மனைவி பாட்டிலோடு என்னையும் வெளியே போகச் சொல்லிவிட்டாள்.

இது ஆராய்ச்சி இல்லை. ஆனால் உள்ளே என்ன நடந்தது என்பது எளிது. கழிவை நுண்ணுயிர்கள் தின்னும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. ஓடும் ஆறு காற்றிலிருந்து மறுபடி எடுத்துக்கொள்ளும், மூடிய பாட்டிலால் முடியாது. கோடையில் ஓட்டம் நின்று குட்டையாகிப்போன ஆறும் ஏறக்குறைய பாட்டில் மாதிரிதான். குளிப்பதற்கு ஏற்ற தண்ணீர் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் அளவு என்னவென்றால், லிட்டருக்குக் கரைந்த ஆக்சிஜன் 5 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது, நுண்ணுயிர்களின் ஆக்சிஜன் தேவை 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, 100 மில்லிலிட்டரில் மொத்தக் கோலிஃபார்ம் கிருமி 500-க்குள் இருக்க வேண்டும்.

ஆற்றங்கரை ஊர் ஒவ்வொன்றின் வாறுகாலும், அதாவது சாக்கடை வாய்க்காலும், எங்கே போய் முடிகிறது என்று நடந்தே போய்ப் பாருங்கள். கால்வாயில் அல்லது ஓடையில் முடியும். கால்வாயும் ஓடையும் எங்கே முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. பாளையங்கால்வாய் நகரத்துக்குள் வரும்போது பாசனக் கால்வாய், நகரத்தை விட்டு வெளியேறும்போது வேறு ஏதோ. அதற்குக் கீழேயும் வயல் இருக்கிறது, குளம் இருக்கிறது.

அப்படியானால் ஆற்றுத் தண்ணீரை நேரே குடிக்கலாமா?

வேண்டாம். தாத்தா குடித்தார் என்பது உண்மை. தாத்தா காலத்தில் படித்துறைக்கு மேலே இத்தனை வாறுகால் கிடையாது.

அமலைச்செடியை எத்தனை தடவை அள்ளினாலும் ஏன் திரும்ப வருகிறது?

புத்தகத்தில் ஆகாயத்தாமரை, நம் ஊரில் அமலை. தென் அமெரிக்காவிலிருந்து பூவின் அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட செடி. தென்னிந்தியாவின் வெயிலும் நம் சாக்கடையும் சேர்ந்தால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். ஒரு செடியைக் கையால் பிடுங்கிப் பாருங்கள். கீழே கறுத்த இறகு மாதிரி வேர்க்கொத்து. அதை உதறினால் சகதியோடு குட்டி நத்தைகளும் கண்ணாடிபோன்ற சின்ன இறால்களும் விழும். வேர் அந்தச் சகதியிலிருந்து தழைச்சத்தையும் மணிச்சத்தையும் உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. மேலே பாய் விரித்தாற்போல மூடிவிடுவதால் அடியில் வெளிச்சம் போகாது, நீர்க்கொடிகள் சாகும், ஆக்சிஜன் இறங்கும், மீன் மூச்சுக்குத் தவிக்கும்.

அள்ளுவது தேவைதான். ஆனால் சாப்பாடு போட்டுக்கொண்டே விருந்தாளியைப் போகச் சொன்னால் போவாரா? சாக்கடையும் அளவுக்கு மிஞ்சிய யூரியாவும் வரும்வரை அமலையும் வரும். இன்னொரு சின்ன விஷயம், அள்ளிய செடியைக் கரையிலேயே குவித்து வைத்துவிட்டுப் போகிறார்கள். அடுத்த மழையில் அது அழுகி மறுபடி தண்ணீருக்கே உரமாகிறது. குளத்தை விட்டுத் தள்ளிக் கொண்டுபோய்க் கம்போஸ்ட் ஆக்க வேண்டும்.

பாபநாசத்தில் துணியை ஆற்றில் விடுவது சம்பிரதாயம். அதையுமா குறை சொல்கிறீர்கள்?

சம்பிரதாயத்தைக் குறை சொல்லவில்லை, பாலியெஸ்டரைச் சொல்கிறேன். அந்தக் காலத்து நூல்துணி மக்கிவிடும். இப்போதைய சேலையும் பேன்ட்டும் மக்காது. பாறை இடுக்கில் சிக்கி, மீன் முட்டையிடும் கூழாங்கல் பரப்பை மூடிக்கொள்ளும். குளிக்க இறங்குபவரின் காலைச் சுற்றும். அணைக்கட்டு ஷட்டரில் போய் அடைக்கும். நாளாக ஆக நூல் நூலாகப் பிய்ந்து மீனின் வயிற்றுக்குள் போகும். தன்னார்வலர்கள் வண்டி வண்டியாக அள்ளுகிறார்கள். பரிகாரம் செய்தவருடைய பாவம் போனதோ என்னவோ, துணி போகவில்லை.

அதே பாபநாசம் கோயில் படித்துறையில் பொரிக்கு மொய்க்கும் மீன்களை யாரும் பிடிப்பதில்லை. அதுவும் சம்பிரதாயம்தான். சாமி மீன் என்று விட்டுவைத்ததால் பிழைத்த மீன்கள் அவை. ஒரு பழக்கம் ஆற்றைக் கெடுக்கிறது, பக்கத்திலேயே இன்னொரு பழக்கம் காப்பாற்றுகிறது.

2023 வெள்ளம் இயற்கையா, நாம் செய்ததா?

மழை இயற்கை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அப்படியொரு மழைக்கு எந்த ஊரும் தாங்காது. ஆற்றுக்குள்ளேயே இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயில் முங்கியது. அது எல்லா வெள்ளத்திலும் முங்கும், முங்கத் தகுந்த மாதிரியே கட்டியிருக்கிறார்கள். 1843-இல் திறந்த சுலோச்சன முதலியார் பாலமும் நின்றது. திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் புகுந்ததை எல்லோரும் பார்த்தோம்.

எங்கே எவ்வளவு நேரம் நின்றது என்பதுதான் நாம் செய்தது. ஊரில் புது பஸ் ஸ்டாண்ட் இருக்கும் இடத்தின் பெயர் என்ன? வேய்ந்தான்குளம். பெயரிலேயே குளம் இருக்கிறது. குளத்தில் கட்டிடம் கட்டிவிட்டு, மழைக்குக் குளமாகிவிட்டது என்று வருத்தப்படுகிறோம். உங்கள் தெருப் பெயர், நகர் பெயர், பழைய பத்திரத்தில் உள்ள பெயர் இவற்றில் குளம், ஓடை, மடை, மறுகால் என்று வருகிறதா என்று பாருங்கள். வந்தால் வீட்டைத் தரையிலிருந்து நாலு படி ஏற்றிக் கட்டுங்கள். முடிந்தால் வேறு மனை பாருங்கள்.

குளம் மூடுவதைவிட மோசமானது மறுகால் ஓடையை மூடுவது. குளம் கண்ணுக்குத் தெரியும், யாராவது கேள்வி கேட்பார்கள். பத்தடி அகல ஓடை இரண்டு மனைக்கு நடுவே மூன்றடிக் கான்கிரீட் வாறுகாலாகச் சுருங்கினால் யாரும் கவனிப்பதில்லை. நிறைகுளம் வெளியேற வழி தேடும்போது கரை உடைகிறது.

குளத்தைத் தூர்வாருவது நல்லதுதானே?

எப்படி வாருகிறோம் என்பதைப் பொறுத்தது. பழைய காலத்தில் விவசாயி கோடையில் மாட்டுவண்டியில் கரம்பை என்கிற குளத்து வண்டல் மண்ணை அடித்துக்கொண்டுபோய் வயலில் போடுவார். மேலோட்டமாக, கொஞ்சம் கொஞ்சமாக. வயலுக்கு உரம், குளத்துக்குக் கொள்ளளவு. இப்போதும் வட்டாட்சியர் அனுமதியோடு விவசாயிகள் வண்டல் எடுத்துக்கொள்ளலாம்.

பொக்லைன் வந்தால் கதை வேறு. தூர்வாருதல் என்ற பெயரில் கரையடியிலிருந்தே செங்குத்தாகத் தோண்டி, இருபதடிப் பள்ளமாக்கி, மடை மட்டத்துக்குக் கீழே போய்விடுகிறார்கள். மடைக்குக் கீழே நிற்கும் தண்ணீர் ஒரு வயலுக்கும் பாயாது. இன்னொரு பக்கம், நாரையும் உள்ளானும் முழங்கால் அளவு தண்ணீரில் நடந்து இரை தேடும் பறவைகள். கரையிலிருந்து மெல்லச் சரிந்து இறங்கும் ஆழமில்லாத ஓரம்தான் அவற்றின் சோற்றுத்தட்டு. மீன் குஞ்சுக்கும் தவளைக்கும் அதுதான் தொட்டில். எல்லா இடத்தையும் ஒரே ஆழமாக்கினால் அந்தத் தட்டு பறிபோகிறது. குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டால் கூடு கட்ட இடமும் போச்சு.

சீமைக்கருவேலத்தை எடுக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். எடுக்கலாம். ஆனால் கூட்டோடு இருக்கும் மரத்தைக் குஞ்சு பறந்து போகும்வரை விட்டுவைத்துவிட்டு, அதற்குள் நாட்டுக்கருவேலம், நீர்மருது, நீர்க்கடம்பு கன்றுகளை ஊன்றிவிட்டு எடுங்கள்.

கூந்தன்குளம் மட்டும் எப்படித் தப்பித்தது?

ஊர்க்காரர்களால். நாங்குநேரி வட்டத்தில் இருக்கும் இந்தக் குளம் 1994-இல் சரணாலயம் ஆனது, 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதற்கெல்லாம் வெகு காலம் முன்பிருந்தே தீபாவளிக்கு அங்கே வெடி கிடையாது. மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் வீட்டு வாசல் மரத்தில் கூடு கட்டும். கீழே நிற்கும் மோட்டார் சைக்கிள் வெள்ளையாகிவிடும், யாரும் விரட்டமாட்டார்கள். எச்சம் விழுந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம் என்ற கணக்கும் அதில் உண்டு. அன்பு மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு காலம் தாங்கியிருக்குமா என்பது சந்தேகம்தான், ஆதாயமும் சேர்ந்ததால் நின்றது என்பது என் எண்ணம். இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தையும் பூநாரையையும் பார்க்க வேண்டுமென்றால் தை, மாசியில் போங்கள்.

ஆனால் இந்தக் குளத்துக்கும் தண்ணீர் மணிமுத்தாறு கால்வாய் வழியாக வர வேண்டும். கால்வாயில் தண்ணீர் விடாத வருஷம், எவ்வளவு பெரிய பட்டியலில் பெயர் இருந்தாலும் பறவை வேறு குளம் பார்த்துப் போய்விடும். சரணாலயத்தைச் சுற்றி வேலி போடலாம், தண்ணீர் வரும் வழி வேலிக்கு வெளியேதான் இருக்கிறது.

வயலுக்குப் போடும் உரமும் மருந்தும் ஆற்றுக்கு எப்படிப் போகும்?

வடிகால் வழியாக. உரம் போட்ட மறுநாள் பெருமழை பெய்தால் பாதி அடுத்தவர் வயலுக்கும் குளத்துக்கும் போய்விடும். தண்ணீரைக் கட்டி வைத்துவிட்டு உரம் போடுவது, மழை வரும்போல இருந்தால் ஒத்திப்போடுவது, மருந்து டப்பாவை வாய்க்காலில் கழுவாமல் இருப்பது இந்த மூன்றும் காசு செலவில்லாதவை. வாய்க்காலில் தவளை இல்லாத வயலில் அடுத்த போகத்துக்குப் புழு மருந்துச் செலவு கூடும் என்பதை விவசாயிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜிலேபிக் கெண்டை வந்து நாட்டு மீனை அழித்துவிட்டது என்கிறார்களே?

பெருமளவு உண்மை. ஜிலேபி எதையும் தின்னும், எந்தத் தண்ணீரிலும் பிழைக்கும், குஞ்சை வாய்க்குள் வைத்துக் காப்பாற்றும். ஆப்பிரிக்கக் கெளுத்தி இன்னும் மோசம். நாட்டில் அதை வளர்க்கத் தடை இருந்தும் பண்ணைக் குட்டைகளிலிருந்து வெள்ளத்தோடு தப்பித்து ஆற்றுக்கு வந்துவிடுகிறது. கூடவே வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் அலுத்துப்போன மீனை இரக்கப்பட்டு ஆற்றில் விடுபவர்கள் வேறு.

இழப்பு எவ்வளவு பெரிது என்பதற்கு ஒரு மீனைச் சொல்கிறேன். தாமிரபரணியின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கிய ஒரு கெண்டை இருக்கிறது. 1954-இல் மீனியல் அறிஞர் சைலஸ் விவரித்தது. இந்த ஆற்றுப் படுகைக்கே உரியது. ஆண் மீனின் முதுகுத் துடுப்பிலிருந்து இழை இழையாகக் கதிர்கள் நீண்டு, ஓட்டத்தில் அசையும். வெளிநாட்டு வண்ணமீன் பிரியர்களுக்குத் தெரிந்த அளவுக்குக் கூட நம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இது தெரியாது. தோட்டா போட்டும் கரண்ட் வைத்தும் பிளீச்சிங் பவுடர் கொட்டியும் மீன் பிடிப்பவர்களுக்கு அது எந்தக் கெண்டை என்ற கணக்கு கிடையாது.

ஆலைகளுக்குத் தண்ணீர் கொடுப்பதால்தான் விவசாயத்துக்கு இல்லையா?

கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் உள்ள குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுப்பதை எதிர்த்த வழக்கில் 2016 நவம்பரில் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச்சில் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. கோபம் நியாயமானது. ஆனால் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

தூத்துக்குடி ஆலைகளுக்காக ஸ்ரீவைகுண்டத்திலிருந்து எடுக்கப்பட்ட தண்ணீரை ஊரில் '20 எம்ஜிடி' என்பார்கள், அதாவது நாளைக்கு 2 கோடி காலன், லிட்டரில் சுமார் 9 கோடி. விநாடிக்கு ஒரு கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஏறக்குறைய 24 லட்சத்து 50 ஆயிரம் லிட்டர். அந்த 9 கோடியை அதால் வகுத்தால் 37 கன அடி. கார்த்திகையில் ஆயிரக்கணக்கான கன அடி ஓடும் ஆற்றுக்கு அது ஒன்றுமில்லை. வைகாசியில் கடைமடைக்காரர் ஸ்ரீவைகுண்டம் வடகால், தென்கால் என்ற கால்வாய்களில் தண்ணீர் வருமா என்று வாய்க்காலைப் பார்த்து நிற்கும்போது 37 கன அடி என்பது பெரிய தொகை. எவ்வளவு என்று கேட்பதோடு எந்த மாதத்தில் என்றும் கேட்க வேண்டும்.

மீதித் தண்ணீர் கடலில் வீணாகத்தானே கலக்கிறது?

'வீணாக' என்ற சொல்லைப் புன்னைக்காயல்காரரிடம் சொல்லிப் பாருங்கள். ஆற்றுத் தண்ணீர் கழிமுகத்துக்கு வந்தால்தான் உப்பும் இனிப்பும் கலந்த அந்த நீரில் இறாலும் நண்டும் மடவையும் குஞ்சு பொரித்து வளரும். அலையாத்தி மரங்களுக்கும் அந்தக் கலவைதான் தேவை. ஆற்றின் தள்ளு குறைந்தால் கடல் உள்ளே ஏறும். ஆத்தூர், முக்காணி பக்கம் வெற்றிலைக் கொடிக்கும் வாழைக்கும் இறைக்கும் கிணறுகள் உப்பாகும். மணல் அள்ளியதால் படுகை தாழ்ந்ததும் போர்வெல் மிஞ்சியதும் சேர்ந்து அதை வேகப்படுத்தின.

மழைக்கால உபரியை வறண்ட பகுதிக்குக் கொண்டுபோவதற்கு நான் எதிரி இல்லை. கன்னடியன் கால்வாயிலிருந்து பிரிந்து ராதாபுரம், திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் போகும் தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்புக் கால்வாய் 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. சுமார் 75 கிலோமீட்டர். அந்தச் சீமையில் ஒரு குடம் தண்ணீருக்காக நடந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். வெள்ளத்தில் மட்டும் எடுப்பது என்ற வரம்பு நிற்கிற வரைக்கும் நல்லது.

ஆயன்குளம் அதிசயக் கிணறு எத்தனை நாள் விட்டாலும் நிரம்பவில்லையாமே?

திசையன்விளை அருகே இருக்கும் அந்தக் கிணற்றுக்குள் 2021 மழையில் வெள்ளத்தைத் திருப்பி விட்டார்கள். நாள்கணக்கில் குடித்துக்கொண்டே இருந்தது. சென்னை ஐஐடி குழு வந்து பார்த்தது. அடியில் சுண்ணாம்புப் பாறை, அதைத் தண்ணீர் கரைத்துக் கரைத்துக் குகைகளாக்கியிருக்கிறது. சுற்றுவட்டாரக் கிணறுகளில் மட்டம் உயர்ந்தது.

இதைக் கேட்டுவிட்டு எல்லோரும் தங்கள் பாழுங்கிணற்றுக்குள் மழைநீரை விடக் கிளம்பிவிட்டார்கள். கூரைத் தண்ணீரை வடிகட்டி விடுங்கள், நல்லது. தெருத்தண்ணீரையும் வாறுகால் தண்ணீரையும் நேராக விடாதீர்கள். மணலும் மண்ணும் வடிகட்டாத தண்ணீர் அப்படியே நிலத்தடிக்குப் போகும். குகைப்பாறையில் அது தூரத்துக் கிணறுவரை வேகமாகவும் போகும். மேலே அழுக்கானால் ஒரு வெள்ளத்தில் கழுவிப்போகும், கீழே அழுக்கானால் கழுவ வழி இல்லை.

திருநெல்வேலி அல்வா ருசிக்கு இந்தத் தண்ணீர்தான் காரணமா?

அப்படித்தான் காலங்காலமாகச் சொல்கிறோம். சம்பா கோதுமைப் பாலும் நெய்யும் கிண்டுகிற கையும் ஒருபுறம் இருக்கட்டும், தண்ணீர்தான் என்று நம்புகிறவர்கள் சாயங்காலம் இருட்டுவதற்குள் ஒருமுறை கொக்கிரகுளம் படித்துறைவரை போய்வந்துவிட்டு அல்வாவுக்கு வரிசையில் நிற்கட்டும்.

நான் ஒருவன் என்ன செய்ய முடியும்?

தை மாதத்தை ஒட்டி நடக்கும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் சேருங்கள். 2011-லிருந்து நடக்கிறது. மணிமுத்தாற்றில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் முன்னின்று நடத்துகிறது. பறவை தெரிய வேண்டியதில்லை, கூட நடக்கத் தெரிந்தால் போதும். ஒரு குளத்தை வருஷா வருஷம் பார்த்தால்தான் போன வருஷம் இருந்த எந்த ஓடை இந்த வருஷம் இல்லை என்று கண்ணில் படும். ஓடை, குளம் புறம்போக்கு சர்வே எண்களை எழுதிவைத்துக்கொண்டு கிராம சபையில் கேளுங்கள். "அந்தக் குளத்தைக் காணோம்" என்பதைவிட, "இந்த சர்வே எண்ணில் இத்தனை சென்ட் காணோம்" என்றால் பதில் சீக்கிரம் வரும்.

ஆற்றில் நீர்நாய் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. விடிகாலையில், ஆள் நடமாட்டம் குறைந்த, மருதமரம் சாய்ந்து நிழல் விழும் வளைவுகளில் பாருங்கள். திருப்புடைமருதூர்ப் பக்கம் கடனாநதி வந்து சேரும் இடம்போல, கரையும் பாறையும் இன்னும் கெடாமல் இருக்கும் இடம் வேண்டும் அதற்கு. முதலில் தண்ணீரில் நீளமாகக் கோடு தெரியும், பிறகு தட்டையான ஒரு தலை. பாறைமேல் ஏறி உடம்பை உதறும். பக்கத்தில் மீன்செதிலும் முள்ளும் கலந்த எச்சம் கிடந்தால் அதுதான் அதன் முகவரி. போன மார்கழியில் நான் பார்த்த இடத்தைக் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். மூன்று இருந்தன, அதில் ஒன்று குட்டி.